அசலுக்கு ஆகும் செலவு

மதுரை தமுக்கம் அரண்மனைக்குள் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டியவை நிறையவே உண்டு. இந்திய விடுதலைப் போராட்டத்தைச் சொல்லும் 265 படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. காந்தியின் வாழ்க்கையைக் குழந்தைப் பருவம் தொட்டு இறுதி ஊர்வலம் வரை காட்டும் புகைப்படக் கூடம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர் பின்னால் வேகமாக நடந்தே இவற்றைக் கடந்துவிடுவார்கள். கடைசிப் பகுதியில் ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன்னால் மட்டும் அந்த வேகம் குறையும். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ஆடையின் ஒரு பகுதி, இரத்தக் கறையோடு அதற்குள் இருக்கிறது.

கலைநயம் என்று சொல்ல அதில் எதுவுமில்லை. நெய்த துணி, அதன்மேல் பழுப்பேறிய கறை, அவ்வளவுதான். அதே துணியைப் புகைப்படமாக எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் கறை இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தப் படத்துக்கு முன் யாரும் நிற்க மாட்டார்கள். அசல் பொருளுக்கு இருக்கும் இந்த இழுப்பை நம்பித்தான் உலகின் எல்லா அருங்காட்சியகங்களும் நடக்கின்றன. அதற்கு அவை கொடுக்கும் விலை என்ன என்பது மட்டும் பார்வையாளர் கண்ணுக்குப் படுவதில்லை.

மதுரைக்கும் அந்தத் துணிக்கும் உள்ள தொடர்பை முதலில் சொல்லிவிட வேண்டும். காந்தி மதுரைக்கு வந்தது ஐந்து முறை: 1919, 1921, 1927, 1934, 1946. இரண்டாவது வருகையின்போது மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருந்தார். அங்கேதான் 1921 செப்டம்பர் 22 அன்று நீண்ட வேட்டியையும் சட்டையையும் விட்டுவிட்டு, முழங்காலுக்கு மேல் நிற்கும் அரையாடைக்கு மாறினார். ஏழை விவசாயிக்கு உடுத்தக் கிடைக்காததைத் தானும் உடுத்துவதில்லை என்ற முடிவு அது. அந்தக் கோலத்தில் அவர் முதலில் மக்கள் முன் வந்து நின்ற இடத்தைக் காந்தி பொட்டல் என்று மதுரைக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆடையைப் பற்றி அவர் எடுத்த மிகப் பெரிய முடிவு நடந்த ஊரிலேயே அவருடைய கடைசி ஆடையின் ஒரு துண்டும் இருக்கிறது. அவர் உடுத்தியிருந்த மற்ற ஆடைகளும், உடலைத் துளைத்த குண்டுகளில் ஒன்றும் டெல்லி ராஜ்காட் அருகே உள்ள தேசியக் காந்தி அருங்காட்சியகத்தில் உள்ளன.

தமுக்கம் அரண்மனை நாயக்கர் காலக் கட்டடம். ராணி மங்கம்மாள் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுவது. ஆற்காட்டு நவாப், கிழக்கிந்தியக் கம்பெனி, மாவட்ட ஆட்சியர் என்று பல கை மாறி, 1955-ல் காந்தி நினைவு நிதிக்கு வந்து சேர்ந்தது. 1959 ஏப்ரல் 15 அன்று ஜவகர்லால் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். பொருட்கள் வைத்திருக்கும் பகுதியின் பெயரிலேயே 'நினைவுப் பொருட்களும் மாதிரிகளும்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். காந்தி தொட்டுப் பயன்படுத்திய அசல்கள் அங்கே சிலவே. மற்றவை பார்த்துச் செய்த மாதிரிகள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது அசல், எது மாதிரி என்று சொல்லாமல் விட்டால்தான் வெட்கப்பட வேண்டும்.

இனி விலைக்கு வருவோம்.

ஒரு பொருளைக் காட்ட வேண்டுமானால் அதன்மேல் வெளிச்சம் விழுந்தாக வேண்டும். துணி, காகிதம், மை, ஓலை, சாயம் எல்லாவற்றையும் வெளிச்சம் அரிக்கிறது. பருத்தித் துணியிலும் காகிதத்திலும் உள்ள நாரிழைகள் ஒளி பட்டுப் பட்டு முறிந்து வலுவிழக்கின்றன. சாயமும் மையும் வெளிறுகின்றன. வெளிச்சத்தை அணைத்துவிட்டால் வெளிறுவது நிற்கும், ஆனால் போனது திரும்பாது. எடுக்க மட்டும் முடிந்து, போட முடியாத வங்கிக் கணக்கு அது. பார்வையாளர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரியாமலே அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறார்.

எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கணக்குப் போட முடியும். ஒளியின் அளவை லக்ஸ் என்ற அலகால் சொல்வார்கள். நண்பகலில் திறந்த வெளியில் நேர் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். காகிதம், துணி போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட உச்ச வரம்பு 50 லக்ஸ். அது மங்கலான வெளிச்சம்தான். கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும். 'கூடத்தில் லைட் போடாமல் வைத்திருக்கிறார்களே' என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதும் இதனால்தான். அந்த 50 லக்ஸில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் காட்சிக்கு வைத்தால் 1,20,000 லக்ஸ்-மணி ஆகிறது. நேர் வெயிலில் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் காயப் போட்டதற்குச் சமம். ஓராண்டுக்கு அது பெரிதாகத் தோன்றாது. அருங்காட்சியகம் நூறாண்டுக் கணக்கில் யோசிக்கிற இடம். நூறாண்டு என்றால் ஐந்து நாள் இரவும் பகலும் ஓயாத உச்சி வெயில். மதுரை மொட்டை மாடியில் ஒரு பழைய புத்தகத்தை அப்படி வைத்துவிட்டு எடுத்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

வியன்னாவில் தலைமையகம் உள்ள பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 2004-ல் இதற்கு ஒரு வரம்பு சொன்னது. எளிதில் வெளிறும் சாயம், பட்டு போன்ற மிக மென்மையான பொருட்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி. மேற்படி கணக்கில் அது ஏறக்குறைய 38 நாளில் தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் பொருள் இருட்டுப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். 'போன தடவை வந்தபோது பார்த்தேன், இப்போது காணோமே' என்று பார்வையாளர் கேட்டால், பொருள் ஓய்வெடுக்கிறது என்று அர்த்தம். அருங்காட்சியகம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றும் அர்த்தம்.

இந்தப் பாடத்தை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1776-ல் தோலில் எழுதப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தை 1841 முதல் 1876 வரை வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகச் சுவரில், சன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார்கள். மக்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். முப்பத்தைந்து ஆண்டு வெளிச்சத்தில் மை வெளிறிப் போனது. கையெழுத்துகள் பலவற்றை இன்றைக்கு உற்று உற்றுப் பார்த்தாலும் படிக்க முடியாது. வெளிறியதற்கு வேறு காரணங்களும் உண்டு; அந்தச் சன்னலின் பங்கு சிறியதல்ல. இப்போது அந்தத் தோல் டைட்டானியச் சட்டமிட்ட பேழையில், ஆர்கான் வாயுவுக்கு நடுவே, மங்கிய வெளிச்சத்தில் இருக்கிறது. இத்தனை பாதுகாப்பும் ஏற்கெனவே வெளிறிப்போன ஓர் ஆவணத்துக்கு.

பெரிய நாடுகளின் ஆர்கான் பேழை உள்ளூர் அருங்காட்சியகங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பேழையைவிட அடிப்படையானவை பல ஏறக்குறையச் செலவே இல்லாதவை. சன்னலுக்கு எதிரே எதையும் மாட்டாமலிருப்பது. கண்ணாடிமேல் கனத்த துணித் திரை போட்டு, பார்க்க வருகிறவர் விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூட விடுவது. ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலத்தைக் கண்ணாடியில் ஒட்டுவது. கேமரா ஃபிளாஷைத்தான் பலரும் பெரிய எதிரியாக நினைக்கிறார்கள். அது கண் சிமிட்டும் நேர வெளிச்சம். தலைக்கு மேல் நாள் முழுக்க எரியும் டியூப் லைட் செய்கிற கேட்டுக்கு முன்னால் அது பொருட்டே இல்லை.

வெளிச்சத்துக்கு அடுத்த எதிரி ஈரம். நம் ஊரில் இது வெளிச்சத்தையும் மிஞ்சிவிடும். காகிதத்துக்குக் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது. ஐப்பசி அடைமழையில் அது எங்கே போகும், சித்திரை வெயிலில் எங்கே இறங்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏசி வைத்தால் தீர்ந்தது என்று நினைப்பது பாதி சரி. பகலில் பார்வையாளருக்காக ஓட்டிவிட்டு மாலை ஐந்து மணிக்கு அணைத்துவிட்டால், பொருள் ஒவ்வொரு நாளும் விரிந்து சுருங்குகிறது. நிலையான வெக்கையைவிட இந்தத் தினசரி ஏற்ற இறக்கம் மோசம். தோலும் மரமும் பிளப்பதும், ஓவியத்தின் வண்ணம் பொரிந்து உதிர்வதும் பெரும்பாலும் இப்படித்தான். பேழைக்குள் ஒரு தட்டில் சிலிக்கா ஜெல் வைத்து, அது ஈரம் குடித்து நிறம் மாறியதும் மாற்றுவது எளிய வழி. மாற்ற மறக்காமலிருக்க ஓர் ஆள் வேண்டும், அதுதான் பல இடங்களில் இருப்பதில்லை.

பேழையே எதிரியாவதும் உண்டு. புது பிளைவுட், புதிதாகப் பூசிய பெயின்ட், பசை எல்லாம் மூடிய பெட்டிக்குள் அமில ஆவியைக் கசிய விடும். ஈயமும் கிளிஞ்சலும் அந்த ஆவியில் வெண்பொடியாகப் பூத்துவிடும். அழகான புதுப் பேழை செய்து, பெயின்ட் வாசனை போவதற்குள் அவசரமாகத் திறப்பு விழா வைத்தால் அதன் பலனைப் பொருள்தான் அனுபவிக்கும்.

உலோகம் உறுதியானது, அதற்கு என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. அதன் செப்புத் திருமேனிகள் உலகப் புகழ் பெற்றவை. மண்ணுக்குள் புதைந்து கிடந்த திருமேனிகளில் உப்பு ஏறியிருக்கும். வெளியே எடுத்துக் காற்றிலும் ஈரத்திலும் வைத்ததும் அந்த உப்பு உள்ளிருந்து வேலை செய்யத் தொடங்கும். வெளிர்பச்சைப் பொடி பொட்டுப் பொட்டாகத் தோன்றி, உலோகத்தைத் தின்றுகொண்டே உள்ளே போகும். வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். நாள்பட்ட செப்பின்மேல் படியும் கரும்பச்சைக் களிம்பு வேறு, இது வேறு. அந்தக் களிம்பு உலோகத்துக்குக் கவசம். கோயில் பாத்திரத்தைப் போலப் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கினால் கவசம் போய்விடும். இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்க 1930-களிலேயே எழும்பூரில் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலர் மின்பகுப்பு முறையில் திருமேனிகளின் உப்பை நீக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்களை எந்த முறையில் தீட்டினார்கள் என்று சுண்ணாம்புப் பூச்சை ஆராய்ந்தவரும் அவரே. தமிழ்நாட்டில் அருங்காட்சியகம் என்றதும் ராஜராஜன், ராஜேந்திரன் பெயர்கள் வருகின்றன. அவர்கள் காலத்துப் பொருட்களைக் காப்பாற்றிய இந்த வேதியியலரின் பெயரும் கொஞ்சம் வரலாம்.

ஓலைச் சுவடியின் கதை தனி. நம் முன்னோர் சுவடியைக் காட்சிப் பொருளாக நினைத்ததே இல்லை. கட்டி, துணியில் சுற்றி, இருட்டில் வைத்தார்கள். இடையில் வசம்பும் வேப்பிலையும் போட்டார்கள். அவ்வப்போது எடுத்துப் பிரித்து, எண்ணெய் தடவி, எழுத்து மங்கியிருந்தால் கரி பூசித் துடைத்தார்கள். அதற்கும் மிஞ்சிச் செல்லரித்தால் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். ஏட்டைத் துளைக்கும் பூச்சிக்கு இராமபாணம் என்று பெயர் வைத்தவர்களுக்கு அதன் வேகம் நன்றாகவே தெரிந்திருந்தது. இன்று ஒரு சுவடியைக் காட்சிக்கு வைத்தால் ஓர் ஓலையைத்தான் வெளியே தெரிய வைக்க முடியும். மற்ற நூறு ஓலையும் அடியில் கிடக்கும். தெரிகிற அந்த ஓர் ஓலை ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் வெளிச்சம் குடிக்கும். சில மாதத்துக்கு ஒருமுறை ஓலையைப் புரட்டி வைப்பது நல்ல வழக்கம். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் போலப் பல்லாயிரம் சுவடிகள் உள்ள இடத்தில் கட்டுகளை மாற்றி மாற்றிக் காட்டலாம். ஒரே ஒரு சுவடி வைத்திருக்கும் சிற்றூர்க் காட்சிக்கூடத்துக்கு அந்த வசதி கிடையாது.

பழுது பார்க்கும் கையாலும் கேடு வரும். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் 1950-களில் ஒரு முறையை உருவாக்கினார்கள். நைந்த காகிதத்தின் இருபுறமும் செல்லுலோஸ் அசிடேட் படலத்தையும் மெல்லிழைத் தாளையும் வைத்து, அசிட்டோன் தடவி ஒட்டுவது. இயந்திரமோ மின்சாரமோ தேவையில்லாததால் பல ஆவணக் காப்பகங்களுக்கு அது பரவியது. கிழிந்து பொடியாக இருந்த எத்தனையோ தாள்கள் அதனால் பிழைத்தன. காலப்போக்கில் அந்தப் படலமே சிதைந்து அமிலம் கசியும் என்பதும், பிரித்தெடுப்பது பெரும்பாடு என்பதும் பின்னாளில் தெரியவந்தன. இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள், பின்னால் நீக்க முடியாத எதையும் அசலின்மேல் செய்யத் தயங்குவதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, நல்ல நகலை வைத்தால் போதாதா? பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். பிரான்சில் லாஸ்கோ குகையின் வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்களைப் பார்வையாளர்களின் மூச்சே கெடுக்கத் தொடங்கியதும், 1963-ல் குகையைப் பூட்டினார்கள். 1983-ல் பக்கத்திலேயே அதன் மாதிரியைக் கட்டித் திறந்தார்கள். உலகத்தார் இன்று பார்த்து வியப்பது மாதிரியைத்தான். ஜெருசலேமில், பழைய விவிலியக் கையெழுத்துப் படிகள் அடங்கிய சாக்கடல் சுருள்களுக்கென்றே கட்டிய மண்டபத்தின் நடுவில் சுற்றி வைத்திருக்கும் ஏசாயா சுருளும் நகலே. அசல் இருட்டறையில் இருக்கிறது.

நகல் என்று சொல்லி வைத்த நகல் யாரையும் ஏமாற்றுவதில்லை. அசல் என்று நம்பி வைத்தது போலியாகிவிட்டால்தான் மானம் போகும். வாஷிங்டனில் விவிலிய அருங்காட்சியகம் பெரும் செலவில் வாங்கிய சாக்கடல் சுருள் துணுக்குகள் 16. ஐந்து போலி என்று 2018-ல் தெரிந்தது. 2020-ல் பதினாறும் போலி என்று அருங்காட்சியகமே நியமித்த ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். பழைய தோலின்மேல் புதிய மை. ஒரு பொருள் எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு இல்லாவிட்டால், எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் அதற்குப் பேழை தேடக் கூடாது.

இந்த வரலாற்றைச் சொல்வதில் உள்ளூர் அருங்காட்சியகம் தலைநகர் அருங்காட்சியகத்தைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது. பொருள் பிறந்த மண் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி 1215-ல் எழுதிய மேக்னா கார்ட்டா சாசனத்தின் மூலப் படிகள் நான்கு எஞ்சியுள்ளன. இரண்டு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். மற்ற இரண்டும் லிங்கன், சாலிஸ்பரி என்ற சிறிய ஊர்களில். லிங்கன் படி 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் போய், போர் மூண்டதால் திரும்ப முடியாமல், அமெரிக்கத் தங்கக் கிடங்கான ஃபோர்ட் நாக்ஸில் பத்திரமாக இருந்துவிட்டு 1946-ல் வீடு திரும்பியது. 2015 முதல் லிங்கன் கோட்டைக்குள் அதற்கென்று கட்டிய நிலவறையில் இருக்கிறது. சாலிஸ்பரியில் 2018 அக்டோபரில் ஒருவர் சுத்தியலோடு வந்து பேழைக் கண்ணாடியை உடைக்கப் பார்த்தார். வெளிக் கண்ணாடி நொறுங்கியது, ஆவணத்துக்குக் கீறல் இல்லை. லண்டனுக்கே கொடுத்துவிடலாம் என்று அந்த ஊர்கள் நினைக்கவில்லை.

நம் பக்கம் நிலைமை வேறு மாதிரி. தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்த தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க் அரசருக்கு எழுதிய தங்க ஏட்டுக் கடிதம் கோபன்ஹேகன் காப்பகத்தில் உள்ளது. அது அனுப்பப்பட்ட கடிதம் என்பதால் பெற்றவரிடம் இருப்பது முறைதான். நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயை ராஜராஜ சோழன் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளின் கதை அப்படியில்லை. 21 ஏடுகள் வளையத்தில் கோத்தபடியே டச்சுக்காரர்களோடு கடல் கடந்து, 1862-ல் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. புதுக்கோட்டை கருக்காக்குறிச்சியில் 1898-ல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய தழும்பு. புதுக்கோட்டையில் அருங்காட்சியகம் தொடங்கியது 1910-ல், புதையல் கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. அதற்குள் காசுகளில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

மதுரைக்கு அருகே கீழடியில் ஊர் விழித்துக்கொண்டது. இந்தியத் தொல்லியல் துறை தோண்டிய முதல் கட்டங்களில் கிடைத்த பொருட்களை மைசூருவுக்குக் கொண்டுபோகப் பார்த்தபோது எதிர்ப்பு கிளம்பி, வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. பின்னர் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடர்ந்து, 2023 மார்ச் 5 அன்று பக்கத்துக் கொந்தகையில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டிய கூடங்கள் அவை. 'ஆதன்', 'குவிரன்' என்று ஈரம் காய்ந்த பானையில் யாரோ கீறிய பெயர்களை அங்கே கண்ணெதிரே படிக்கலாம். சுட்ட மண்ணுக்கு வெளிச்சத்தால் பெரிய தீங்கில்லை என்பதால் துணிக்கும் ஓலைக்கும் உள்ள கட்டுப்பாடு இவற்றுக்குத் தேவையில்லை. தந்தத்தால் செய்த பொருட்களுக்கு மட்டும் ஈரம் ஏறி இறங்கினால் ஆகாது. எதை நன்றாக வெளிச்சமிட்டுக் காட்டலாம், எதை மங்கலில் வைக்க வேண்டும் என்பதைப் பொருளே சொல்லிவிடுகிறது. பக்கத்துக் கிராமத்தார் வந்து தங்கள் நிலத்துக்கடியில் கிடந்ததைப் பார்க்கிறார்கள். சென்னையிலோ மைசூருவிலோ இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் பஸ் ஏறிப் போயிருப்பார்கள்?

உள்ளூர் அருங்காட்சியகங்களில் மலிவாகச் சரிசெய்யக்கூடிய குறை குறிப்பட்டை. 'பழைய வாள்', 'ஓலைச் சுவடி', 'நாணயங்கள்' என்று மொட்டையாக எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அசலா, நகலா, எந்த ஊரில், எப்போது கிடைத்தது, கொடுத்தவர் யார், அந்தச் சுவடியில் என்ன எழுதியிருக்கிறது. இவற்றைச் சொல்ல நான்கு வரி போதும். திறந்து வைத்திருக்கும் ஓலையில் ஒரு வைத்தியக் குறிப்பு இருக்கிறதென்றால், அந்த வரிகளை இன்றைய எழுத்தில் பெரிதாக அச்சிட்டுப் பக்கத்தில் வைக்கலாம். அப்போது பார்க்கிறவர் வெறும் ஓலையைப் பார்த்துவிட்டு நகர மாட்டார், படிப்பார். அசலின்மேல் வெளிச்சத்தைச் செலவழிப்பது என்று முடிவு செய்த பிறகு, வந்தவருக்கு அது விளங்காமல் போனால் அந்தச் செலவு வீண்.

உள்ளூர் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டிய பொருள் பலவும் இன்னும் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த கடிதங்கள், கணக்கு நோட்டு, ஒரு கட்டு ஓலை. கையிலிருப்பதைக் கெடுக்காமல் வைத்திருக்கச் செய்யக் கூடாதவை சில தெரிந்தால் போதும். கிழிசலை செலோடேப் போட்டு ஒட்டக் கூடாது. பசை மஞ்சளாகி, எண்ணெய் போலத் தாளுக்குள் இறங்கிவிடும். கடையில் கொடுத்து லேமினேட் செய்யவே கூடாது. குண்டூசியும் ரப்பர் பேண்டும் வேண்டாம். பூச்சி போகட்டும் என்று வெயிலில் காய வைக்க வேண்டாம். மடிப்பைப் பிரித்து, தட்டையாக, அமிலமற்ற தாளில் சுற்றி, தரையையும் வெளிச்சுவரையும் ஒட்டாத அலமாரியில் வைத்தாலே பல காலம் தாங்கும். படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடிக்கடி பிரித்துப் பார்க்கும் தேவையும் இராது.

கொடுக்க விரும்புகிறவர்கள் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது வாங்க வேண்டும். பொருளோடு அதன் கதையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். சட்டமும் சிலவற்றைச் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், காசு, கலைப்பொருள் போன்றவை தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டே போதும். இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. மண்ணுக்குள் கிடைத்தவற்றுக்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ பானையோ காசோ தென்பட்டால், கழுவாமல், துலக்காமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் தகவல் ஆட்சியருக்குப் போய்ச் சேரும்.